கார் டயர் மாற்றப் போகிறீர்களா? பெங்களூருவில் ஓடும் குடும்பக் காருக்கு எதைப் பார்த்து வாங்குவது?

பெங்களூருவில் சில்க் போர்டு சந்திப்பைக் கடக்கவே திணறும் அதே கார்தான், தீபாவளிக்கு முந்தைய நாள் அத்திப்பள்ளி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் 90, 100 கி.மீ. வேகத்தில் பறக்கத் தொடங்குகிறது. உள்ளே ஐந்து பேர். டிக்கி நிறைய பெட்டிகள், பட்டாசு, ஸ்வீட் பாக்ஸ். காலமோ வடகிழக்குப் பருவமழைக் காலம். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று இறங்கி, தொப்பூர் கணவாய் சரிவில் மழையும் சேர்ந்துகொண்டால், அந்தக் குடும்பத்துக்கும் தார்ச்சாலைக்கும் இடையில் இருப்பது நான்கு டயர்கள் மட்டும்தான். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு.

டயர் கடையில் நாம் வழக்கமாகக் கேட்பது இரண்டே கேள்விகள். "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?", "எவ்வளவு டிஸ்கவுன்ட் தருவீங்க?" இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் முதலில் கேட்க வேண்டியது வேறு ஒன்று: "ஈர ரோட்டில் இந்த டயர் எவ்வளவு சீக்கிரம் நிற்கும்?"

வருடத்தில் 350 நாள் நகரத்துக்குள் 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் காருக்கு எந்த டயரும் போதும். மீதமுள்ள பதினைந்து நாளுக்காகத்தான் டயரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. 20 கி.மீ. வேகத்தில் இருக்கும் கார் 100 கி.மீ. வேகத்துக்குப் போகும்போது, பிரேக் போட்டு அடக்க வேண்டிய ஆற்றல் ஐந்து மடங்கு அல்ல, 25 மடங்கு ஆகிறது.

மாற்றும் நேரம் வந்துவிட்டதா?

டயரின் மேல்பகுதியில் உள்ள பள்ளங்களைத்தான் மெக்கானிக்குகள் 'பட்டன்' என்கிறார்கள். புதிய கார் டயரில் இந்தப் பள்ளம் பொதுவாக 7 முதல் 8 மி.மீ. ஆழம் இருக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 94-வது விதிப்படி, கார்களுக்கு இது 1.6 மி.மீ.-க்குக் கீழே போகக் கூடாது. இரு சக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கு 0.8 மி.மீ.

இதை அளக்க ஸ்கேல் தேவையில்லை. பள்ளத்துக்குள் சிறு மேடு போல குறுக்கே ரப்பர் கட்டை ஒன்று இருக்கும். பக்கவாட்டில் ஒரு முக்கோணக் குறியோ, 'டி.டபிள்யூ.ஐ.' என்ற எழுத்துகளோ அது இருக்கும் இடத்தைக் காட்டும். டயரின் மேல்மட்டம் தேய்ந்து தேய்ந்து அந்தக் கட்டையோடு சமமாகிவிட்டால், டயரின் ஆயுள் சட்டப்படியே முடிந்தது.

ஆனால் சட்டத்தின் எல்லை வரை காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. பள்ளங்களின் முக்கியமான வேலை, டயருக்கு அடியில் சிக்கும் தண்ணீரை வெளியே தள்ளுவது. ஆழம் குறையக் குறைய அந்த வேலை நடக்காது. ஒரு கட்டத்தில் டயர் தண்ணீரின் மேலேயே மிதக்க ஆரம்பித்துவிடும். 'அக்வாபிளேனிங்' என்பது இதுதான். அந்த நொடியில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது, பிரேக்கை மிதித்தாலும் நிற்காது. பிரிட்டனில் நடந்த சோதனைகளில், 1.6 மி.மீ. வரை தேய்ந்த டயர் ஈரச் சாலையில் நிற்க, ஏறக்குறைய புதிதாக இருக்கும் டயரைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான கூடுதல் தூரம் எடுத்துக்கொண்டது. மழையில் நெடுஞ்சாலைப் பயணம் இருக்கிறதென்றால், 3 மி.மீ.-க்கு வந்ததுமே மாற்றிவிடுவது நல்லது.

பெங்களூரு கார்களில் இதைவிட அதிகம் ஏமாற்றுவது வயது. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை, ஆபீஸுக்கு மெட்ரோ அல்லது கேப். 2018-இல் வாங்கிய கார் இன்னும் 35,000 கி.மீ.கூட ஓடியிருக்காது. பட்டனைப் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். "இன்னும் இருபதாயிரம் ஓடும் சார்" என்று கடைக்காரரே சொல்லக்கூடும். ஆனால் ரப்பர், நிறுத்தி வைத்திருந்தாலும் வெயிலிலும் காற்றிலும் இறுகிக்கொண்டேதான் போகும். இறுகிய ரப்பருக்கு ஈரத்தில் பிடிமானம் குறைவு. பக்கவாட்டில் தலைமுடி போன்ற மெல்லிய விரிசல்கள் தெரிய ஆரம்பித்தால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த டயரை நம்பி நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வருடம் ஒருமுறை நிபுணரிடம் காட்டுங்கள், 10 ஆண்டுகளுக்கு மேல் எந்த நிலையில் இருந்தாலும் பயன்படுத்தாதீர்கள் என்பது மிஷ்லின் போன்ற டயர் நிறுவனங்களே தரும் அறிவுரை.

மூன்றாவது காரணம், பள்ளத்தில் அடிபட்டு பக்கவாட்டில் கொழுக்கட்டை போல வரும் புடைப்பு. பெங்களூரு சாலைகளில் ஓட்டுபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் நூல் அடுக்கு அறுந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. அதற்குப் பஞ்சர் கடையில் மருந்து கிடையாது. எத்தனை புதிய டயராக இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும்.

டயர் வெடித்தால் அது விதியா?

இந்தக் கேள்வி ஒருமுறை நீதிமன்றம் வரை போனது. 2010 அக்டோபரில் புனேயிலிருந்து மும்பைக்குச் சென்ற ஒரு காரின் பின்பக்க டயர் வெடித்து, கார் பள்ளத்தில் கவிழ்ந்தது. பயணித்த 38 வயது நபர் அங்கேயே இறந்தார். வீட்டில் சம்பாதிக்கும் ஒரே ஆள் அவர். 2016-இல் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் குடும்பத்துக்குச் சுமார் ரூ.1.25 கோடி வழங்க உத்தரவிட்டது. காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு செய்தது. டயர் வெடித்தது 'கடவுளின் செயல்', ஓட்டுநரின் அலட்சியம் அல்ல என்பது அதன் வாதம்.

2023 பிப்ரவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. கடவுளின் செயல் என்பது மனிதர் யாரும் பொறுப்பேற்க முடியாத, எதிர்பாராத இயற்கை நிகழ்வைக் குறிப்பது. டயர் வெடிப்பு அப்படிப்பட்டது அல்ல, மனித அலட்சியம் என்று கூறி மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அதிவேகம், காற்று குறைவாகவோ அதிகமாகவோ இருப்பது, பழைய செகண்ட் ஹேண்ட் டயர், வெப்பம் என்று காரணங்களையும் சுட்டிக்காட்டியது. பயணத்துக்கு முன் டயரின் நிலையைச் சரிபார்ப்பது ஓட்டுநர் அல்லது உரிமையாளரின் பொறுப்பு என்றது.

அதே ஆண்டில்தான் நாக்பூர்-மும்பை சம்ருத்தி விரைவுச்சாலையில், தேய்ந்த டயரோடு வரும் வண்டிகளை நுழைவிடத்திலேயே மடக்கிச் சோதிக்கும் நடவடிக்கையை மகாராஷ்டிர அதிகாரிகள் தொடங்கினர். 2023 மார்ச் 12-ஆம் தேதி திறக்கப்பட்ட பெங்களூரு-மைசூரு நெடுஞ்சாலை போன்றவை நம் வண்டிகளின் வேகத்தை உயர்த்திவிட்டன. டயர்களை நாம் இன்னும் பழைய ரோட்டுக் கணக்கிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பக்கவாட்டில் எழுதியிருப்பது என்ன?

உதாரணத்துக்கு, ஸ்விஃப்ட் காரின் உயர் வகைகளில் வந்த 185/65 ஆர்15 என்ற அளவை எடுத்துக்கொள்வோம். 185 என்பது டயரின் அகலம், மி.மீ. கணக்கில். 65 என்பது பக்கவாட்டுச் சுவரின் உயரம், அகலத்தில் 65 சதவீதம். அதாவது சுமார் 120 மி.மீ. 'ஆர்' என்பது ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

அதற்குப் பக்கத்தில் '88 ஹெச்' என்பது போல ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். பெரும்பாலானோர் பார்க்காமல் விடுவது இதைத்தான். 88 என்றால் அந்த டயர் 560 கிலோ வரை தாங்கும். 82 என்றால் 475 கிலோ மட்டுமே. எழுத்து, வேக வரம்பு: 'டி' மணிக்கு 190 கி.மீ., 'ஹெச்' 210, 'வி' 240. "நான் எங்கே 190-ல போகப் போறேன்?" என்று கேட்கலாம். வேக வரம்பு அதிகம் என்றால் வெப்பத்தைத் தாங்கும் திறனும் அதிகம் என்று பொருள். கார் நிறுவனம் குறிப்பிட்ட எண்ணுக்கும் எழுத்துக்கும் கீழே போகக் கூடாது, மேலே போகலாம். மின்சார கார் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். பேட்டரியின் எடையால் அந்த வண்டிகள் ஒரே அளவுள்ள பெட்ரோல் கார்களைவிடக் கனமானவை, டயரும் சீக்கிரம் தேயும்.

அடுத்தது, பெங்களூரு கடைகளில் தவறாமல் வரும் சபலம்: "ஒரு சைஸ் ஏத்திக்கலாம் சார், லுக்கா இருக்கும்." ஜே.சி. ரோடு பக்கம் போனால் பளபளக்கும் அலாய் வீல்களைப் பார்த்து மனசு மாறாமல் திரும்புவது கஷ்டம்தான். கணக்கைப் பார்ப்போம். 185/65 ஆர்15 டயரின் மொத்த விட்டம் 621.5 மி.மீ. அதையே 195/65 ஆர்15 ஆக்கினால் 634.5 மி.மீ., அதாவது 2 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டருக்கு டயர் மாறிய விஷயம் தெரியாது. முன்பு 100-ஐச் சரியாகக் காட்டியது என்று வைத்துக்கொண்டால், இப்போது அதே 100-இல் நீங்கள் 102-இல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

இது சிறிய விஷயம். பெரிய ரிம்முக்கு மாறி 205/50 ஆர்16 போடுவதுதான் பெங்களூருவுக்குப் பொருந்தாத வேலை. மொத்த விட்டம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் பக்கச்சுவர் 120 மி.மீ.-இலிருந்து 102-க்கு இறங்கிவிடும். பள்ளத்தில் இறங்கும்போது அடியை வாங்கிக்கொள்வது அந்தச் சுவர்தான். அது குறைந்தால் அடி ரிம்முக்குப் போகும், அங்கிருந்து உங்கள் முதுகுக்கு வரும். இந்த ஊர் ரோட்டுக்கு உயரமான பக்கச்சுவரே தோழன்.

ஒரே டயரில் எல்லாம் கிடைக்குமா?

கிடைக்காது. நீண்ட நாள் உழைப்பதற்காகக் கலக்கப்படும் கெட்டியான ரப்பர் பொதுவாக ஈரத்தில் பிடிமானத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். நன்றாகப் பிடிக்கும் மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும். ரப்பர் கலவையில் சிலிக்கா சேர்ப்பது இந்த இழுபறியை ஓரளவு சமாளிக்கிறது. விலை கூடிய டயர்களில் நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி அதற்குத்தான் போகிறது.

அரசு என்ன செய்திருக்கிறது? 2022 ஜூன் 28-ஆம் தேதி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, கார், பஸ், லாரி டயர்களுக்கு மூன்று விஷயங்களில் குறைந்தபட்சத் தரத்தைக் கட்டாயமாக்கியது: உருளும்போது ஏற்படும் தடை, ஈரப் பிடிமானம், சத்தம். புதிய வடிவமைப்புகளுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், ஏற்கெனவே உற்பத்தியில் இருந்தவற்றுக்கு அதன் பிறகு படிப்படியாகவும் இது அமலுக்கு வந்தது. நல்ல விஷயம். ஆனால் குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்த டயரையும் முதல் மதிப்பெண் எடுத்த டயரையும் கடையில் பிரித்துப் பார்க்க வாங்குபவருக்கு வழி வேண்டுமே. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வொரு டயரோடும் வரும் லேபிளில் ஈரப் பிடிமானத்துக்கு 'ஏ' முதல் 'இ' வரை தரம் எழுதியிருக்கும். நம் ஊரில் எரிசக்தி திறன் செயலகம் கொண்டுவந்த நட்சத்திர லேபிள், உருளும் தடையை, அதாவது எரிபொருள் சிக்கனத்தை வைத்து நட்சத்திரம் கொடுப்பது. ஐந்து நட்சத்திரம் என்றால் பெட்ரோல் மிச்சம். மழையில் முதலிடம் என்று அர்த்தம் அல்ல.

வாங்குபவர் என்னதான் செய்வது? சில டயர்களின் பக்கவாட்டில் 'டிரெட்வேர்', 'டிராக்‌ஷன்', 'டெம்பரேச்சர்' என்று மூன்று சொற்கள் பொறித்திருக்கும். இது அமெரிக்க முறை. இதில் 'டிராக்‌ஷன்' என்பது ஈரத் தரையில் நேராக பிரேக் போட்டுச் சோதித்த தரம். ஏஏ, ஏ, பி, சி என்று இறங்கும். டிரெட்வேர் எண் அதிகம் என்றால் தேய்மானம் மெது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களில் எதை எடுப்பது என்று குழம்பினால் இது உதவும். வெவ்வேறு நிறுவனங்களின் டிரெட்வேர் எண்ணை ஒப்பிடுவதில் பெரிய பயனில்லை, ஏனெனில் அந்த எண்ணைக் கொடுப்பது நிறுவனமே. அதுவும் இல்லையென்றால், கடையில் நேரடியாகவே கேளுங்கள்: "இந்த மாடல் மைலேஜுக்கா, வெட் கிரிப்புக்கா?" ஒவ்வொரு நிறுவனமும் இரண்டு வகையையும் வைத்திருக்கும். விவரம் தெரிந்த கடைக்காரர் உடனே பிரித்துச் சொல்லிவிடுவார். சொல்லத் தெரியாவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம்.

குடும்பத்தோடு மழையில் நெடுஞ்சாலை ஏறும் காருக்கு, ஐயாயிரம் கிலோமீட்டர் குறைவாக ஓடினாலும் பரவாயில்லை, ஈரப் பிடிமானம் உள்ளதையே எடுக்கலாம் என்பது இந்தக் கட்டுரையின் கருத்து. நகரத்தை விட்டே போகாத கார் என்றால் மைலேஜ் டயர் தாராளமாகப் போதும்.

இரண்டு மட்டும் மாற்றினால் எங்கே போடுவது?

பட்ஜெட் இடிக்கும்போது இரண்டு டயரோடு நிறுத்திக்கொள்வது சகஜம். அப்போது கேட்கும் முதல் குரல்: "முன்னாடி போட்டுடலாம் சார், முன்னாடிதான் இன்ஜின் இழுவை, அங்கதான் தேயும்." கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் டயர் நிறுவனங்கள் சொல்வது நேர் எதிர்: புதியது பின்னால், நல்ல நிலையில் இருக்கும் பழையது முன்னால்.

காரணம் எளிது. தண்ணீர் தேங்கிய வளைவில் முன் டயர் வழுக்கினால், கார் நேராகப் போக முயலும். ஓட்டுநருக்கு ஸ்டீயரிங்கிலேயே அது தெரிந்துவிடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் கட்டுக்குள் வரும். பின் டயர் வழுக்கினால் வண்டியின் பின்பக்கம் பக்கவாட்டில் சுழன்றுவிடும். நமக்குத் தெரிவதற்குள் கார் திரும்பி நிற்கும். பயந்துபோய் காலை எடுப்பதே அதை மோசமாக்கும். தொப்பூர் போன்ற சரிவில், எடை முன்பக்கம் சாய்ந்து பின்பக்கம் லேசாக இருக்கும் நேரத்தில், இந்த வித்தியாசம் சாதாரணமானது அல்ல. கடைக்காரர் கொஞ்சம் வாதம் செய்வார். பின்னால்தான் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

ஒன்று மட்டும் மாற்றுவதைக் கூடியவரை தவிர்க்கவும். தவிர்க்க முடியாவிட்டால், அதே அளவு, அதே மாடல் என்று பாருங்கள்.

கடையில் பணம் கொடுக்கும் முன்

டயரை ரிம்மில் மாட்டுவதற்கு முன்பே தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். '2325' என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ஆறு மாதம் வரை கவலையில்லை. ஒரு வருடத்தைத் தாண்டியது என்றால் வேறு கேளுங்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், அரக்கோணம், மைசூரு என்று பெங்களூருவைச் சுற்றியே இத்தனை டயர் ஆலைகள் இருக்கும்போது, பழைய சரக்கை நாம் சுமக்க வேண்டியதில்லை. நான்கும் ஒரே காலத்தில் தயாரானவையா என்றும் பாருங்கள். நடுவில் ஒன்று மட்டும் இரண்டு வருடம் மூத்ததாக இருக்கும் வேடிக்கை நடப்பதுண்டு.

ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும். கார் டயருக்கு உரிய இந்தியத் தர எண் 15633.

விலையில் ஒரு மாற்றம். 2025 செப்டம்பர் 22 முதல் புதிய டயர்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முன் ரூ.5,000 விலையுள்ள டயர் முன்பு ரூ.6,400 ஆனது என்றால் இப்போது ரூ.5,900. நான்கு டயருக்கு ரூ.2,000 மிச்சம். "பில் இல்லாம எடுத்தா இன்னும் குறைச்சுத் தர்றேன்" என்ற சலுகையை மட்டும் ஏற்க வேண்டாம். வாரன்டி கோரும்போது டயரின் வரிசை எண் எழுதிய பில்தான் பேசும். வாரன்டி என்பதும் வழக்கமாக உற்பத்திக் குறைபாட்டுக்குத்தான். பள்ளத்தில் அடிபட்டதற்கு அல்ல. சில மாடல்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு என்பதால் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

காப்பீட்டிலும் இதே நிலைதான். பள்ளத்தில் விழுந்து டயர் மட்டும் கிழிந்தால் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் பணம் கிடைக்காது. வண்டியும் சேர்ந்து சேதமானால்தான் டயருக்கும் கிடைக்கும், அதுவும் மாற்றும் செலவில் பாதி வரைதான். இதற்கென்று தனியாக 'டயர் புரொடெக்ட்' ஆட்-ஆன் விற்கிறார்கள். விலை கூடிய டயர் என்றால் யோசிக்கலாம்.

பழைய டயரைப் பளபளவென்று பாலிஷ் போட்டு பாதி விலைக்குத் தருகிறார்கள் என்று யாராவது சொன்னால், அந்த டயர் எந்தப் பள்ளத்தில் விழுந்தது, எத்தனை நாள் காற்றில்லாமல் ஓடியது என்பது விற்பவருக்கே தெரியாது என்பதை நினைவில் வையுங்கள். தேய்ந்த டயரில் பிளேடால் புதிதாகப் பள்ளம் வெட்டி விற்பதும் உண்டு. பள்ளம் ஆழமாகத் தெரியும், ஆனால் உள்ளே இருக்கும் கம்பி அடுக்கின் மேல் ரப்பரே இருக்காது.

டயர் போட்டதும் வால்வையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள், சின்னச் செலவுதான். வீல் பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் அவசியம். நைட்ரஜன்? சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கிடைத்தால் நிரப்பிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பங்க்கில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காற்று பார்ப்பதே போதும்.

எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். பல கார்களில் அது இரண்டு கணக்காக இருக்கும்: ஓரிருவர் போகும்போது ஒன்று, முழு பாரத்துக்கு ஒன்று. ஊருக்குப் போகும் அன்று காலை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பு, முழு பாரக் கணக்குக்கு நிரப்புங்கள். சேலத்தில் சாப்பிட இறங்கும்போது அளந்தால் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். பெங்களூருவின் காலைக் குளிருக்கும் சேலத்தின் மதிய வெயிலுக்கும், டயர் ஓடிச் சூடானதற்கும் உள்ள வித்தியாசம் அது. காற்றை இறக்கிவிடக் கூடாது.

புதிய டயரின் மேல் தொழிற்சாலை அச்சிலிருந்து வந்த வழவழப்பு கொஞ்சம் இருக்கும். அது போக முதல் 200, 300 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள். அதனால் தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை டயரை மாற்றிவிட்டு அன்றிரவே கிளம்பாமல், இரண்டு வாரம் முன்பாகவே முடித்துவிடுவது நல்லது. கடையை விட்டு வரும்முன் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். கார் வாங்கிய நாள் முதல் தரையையே தொடாத அந்த டயரிலும் நான்கு இலக்கத் தேதி இருக்கிறது.